18 டிகிரியில் அரையாண்டு லீவு

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மார்கழிக் குளிரைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கனடாவில் இருக்கும் என் சித்தி மகனிடம் ஒருமுறை போனில், "விடியக்காலையில பயங்கரக் குளிர்டா" என்று சொல்லிவிட்டேன். எத்தனை டிகிரி என்று கேட்டான். 18 என்றேன். அதற்கப்புறம் அவன் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் ஊரில் 18 டிகிரி வந்தால் அரை டிரவுசரோடு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார்களாம்.

சிரிக்கட்டும். அவன் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. எங்கள் வீட்டில் வெளியே 18 என்றால் சமையலறையிலும் ஏறக்குறைய அதே கதைதான். மனுஷனுக்கு அது ஒன்றும் பெரிய குளிர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் இருக்கும் பொருள்கள் அப்படி நினைப்பதில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கிவிடும். இட்லி மாவு 30 டிகிரி வாக்கில் துள்ளிக்கொண்டு பொங்கும், 18-ல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும். போன அரையாண்டு லீவில் எங்கள் வீட்டில் நடந்த கூத்து எல்லாவற்றுக்கும் மூலகாரணம் இந்த இரண்டும்தான். மூன்றாவது காரணம் நான்.

டிசம்பர் 24, லீவின் முதல் நாள். என் பெண்கள் இருவர், நாத்தனார் மகன் ஒருவன், ஆக மூன்று பேர் வீட்டில். எட்டு மணிக்குச் சின்னவள் தலைக்கு வைக்க எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் குத்தியிருக்கிறாள், அதுவும் உள்ளேயே ஒடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமா குளிப்பதற்காக கீசரில் இருந்து ஒரு பக்கெட் சுடுதண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். பாட்டிலை அதில் தூக்கிப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் உருகிவிடும், எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

மூடியைச் சின்னவள் அரைகுறையாகத்தான் திருகியிருந்தாள் என்பது என் கணக்கில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பக்கெட் முழுக்க எண்ணெய் தெப்பமாக மிதக்கிறது. யாருக்கும் தெரிவதற்குள் என்று அவசரமாக அந்தத் தண்ணீரைக் குளியலறைத் தரையில் சாய்த்தேன். இதுதான் உண்மையான தப்பு. டைல்ஸ் ஐஸ் மாதிரி ஜில்லென்று கிடந்தது. தண்ணீர் ஓடிப்போனது, எண்ணெய் அப்படியே தரையில் மறுபடி உறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளைப் பூச்சு. காலை வைத்தால் சோப்பின் மேல் நிற்பது போல.

மாமா உள்ளே போனார். ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் துண்டு போடும் கம்பியைச் சுவரோடு பெயர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விழவில்லை, சாமி புண்ணியம். 74 வயது. இதை எழுதும்போதுகூட எனக்கு அடிவயிறு கலங்குகிறது. மற்றதெல்லாம் சிரிக்கிற விஷயம், இது இல்லை.

அத்தை ஒன்றும் திட்டவில்லை. உள்ளே போய் அரப்புத்தூள் டப்பாவை எடுத்து வந்தார். "மொதல்ல இதத் தூவு கண்ணு. எண்ணெயக் குடிக்கட்டும்" என்றார். கைநிறைய எடுத்துத் தூவி, தேங்காய் நாரால் தேய்த்து, வாரி எடுத்துவிட்டு, அப்புறம்தான் பாத்திரம் கழுவும் சோப்பும் நல்ல கொதிக்கிற தண்ணீரும். தரை பளிச்சென்று ஆகிவிட்டது. அரப்பு இல்லாத வீட்டில் சீயக்காய்த்தூள், கடலை மாவு எது இருந்தாலும் போதும். முதலில் உறிஞ்ச வைக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். இப்போது நவம்பர் பிறந்தாலே தேங்காய் எண்ணெயை வாயகன்ற ஜாடிக்கு மாற்றிவிடுகிறேன். உறைந்தால் ஸ்பூனால் சுரண்டிக்கொள்ளலாம், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடும். கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து வைத்தால் கல்லாக இறுகாது என்பது அத்தையின் வழி. வாசனைதான் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று. எண்ணெய் உறைந்தால் கெட்டுவிட்டது, மெழுகு கலந்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு மார்கழியிலும் யாராவது ஒருவர் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார்கள். விஷயம் தலைகீழ். ஒரு கிளாஸில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தும் ஒரு பகுதி உறையாமல் தனி அடுக்காக நின்றால்தான் வேறு எண்ணெய் கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

லீவு நாளின் மத்தியானங்கள் எனக்குப் பிடித்தவை. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிடுவார்கள். வெயில் மஞ்சளாக, சுடாமல் அடிக்கும். அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாமல் ஊஞ்சலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜனவரியில் செங்கல் கனத்துக்கு இருந்தது, டிசம்பர் கடைசியில் தோசைத் தடிமனுக்கு வந்திருக்கும். ஒருநாள் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். ஆனி மாதம் 32 நாள். மார்கழி 29-தான். சில வருடம் 30 வரும், அவ்வளவே.

ஏன் இந்தப் பாரபட்சம் என்று மண்டைக்குள் குடைந்தது. விடை தெரிந்தபோது சிரிப்பு வந்தது. ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் போகிறது, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. அருகில் போகும்போது பூமி வேகமாக ஓடும். நம் தமிழ் மாதங்கள் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டவை. ஓட்டம் வேகமானால் மாதம் சீக்கிரம் முடிகிறது. ஆக, வருடத்தில் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும்போதுதான் நான் ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருக்கிறேன். குளிர் வருவது தூரத்தால் இல்லை, நம் பக்கம் சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருப்பதால்.

இதை அத்தையிடம் சொன்னபோது அவருடைய கேள்வி வேறாக இருந்தது. திருப்பாவைக்கு 30 பாட்டு ஆயிற்றே, மாதம் 29 நாளில் முடிந்தால் என்ன செய்வார்கள்? அவரே பதிலும் சொன்னார். "நம்ம தெருக் கோயில்ல கடைசி நாளு ரெண்டையும் சேத்திப் பாடிப்போடுவாங்க."

அதே காலண்டரில் சூரிய உதய நேரத்தையும் பார்த்து வைத்தேன். டிசம்பர் 21 தான் ஆகக் குறுகிய பகல். அதற்கப்புறம் விடிவது சீக்கிரமாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நம் பக்கத்தில் சூரியன் உதிப்பது ஜனவரி மூன்றாம், நான்காம் வாரம் வரைக்கும் தாமதமாகிக்கொண்டே போகிறது, டிசம்பர் 21-ஐவிடப் பத்து நிமிடம் போலத் தள்ளி. பகல் நீள்வது சாயங்காலப் பக்கம்தான். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் எழுந்திருக்க முரண்டு பிடிப்பது லீவுச் சோம்பல் மட்டும் இல்லை, ஜன்னலுக்கு வெளியே உண்மையிலேயே அதிக இருட்டு. அதற்கப்புறம் ஜனவரி முழுக்க எழுப்புவதற்குக் கால்மணி முன்னால் அறை விளக்கைப் போட்டுவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். கத்துவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

சரி, மாவுக்கு வருகிறேன்.

29-ஆம் தேதி குன்னூர் போவதாகத் திட்டம். மலை ரயிலில் போகலாம் என்றுதான் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருந்தோம். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு பத்துக்குக் கிளம்பும் ரயில், ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், 16 குகை. நான் டிக்கெட் பார்க்க உட்கார்ந்தது டிசம்பர் முதல் வாரத்தில். புக்கிங் 60 நாளுக்கு முன்னாலேயே திறந்துவிடுகிறது, லீவு நாட்களுக்கு அப்போதே முடிந்தும்விடுகிறது. அரையாண்டு லீவுக்கு மலை ரயில் வேண்டும் என்றால் தீபாவளி பலகாரம் சுடும்போதே யோசித்துவிட வேண்டும். கிடைத்தாலும் மழையில் மண் சரிந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அதனால் மாற்று ஏற்பாடும் கைவசம் இருக்கட்டும். எங்கள் மாற்று ஏற்பாடு சொந்தக் கார்.

வழிக்கு இட்லி கட்டிக்கொண்டு போக 27-ஆம் தேதி ராத்திரி மாவு ஆட்டினேன். 28 காலை பத்து மணிக்குத் திறந்து பார்த்தால் ஊற்றிய இடத்திலேயே, ஒரு குமிழிகூட இல்லாமல், சிமென்ட் கலவை போலக் கிடந்தது. அத்தை கம்பளியைச் சுற்றி வைக்கச் சொன்னார். என் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. எங்கள் வீட்டு போர்டிகோ தெற்குப் பார்த்தது. வெயில் காலத்தில் அங்கே நிழல், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் உள்ளே வரைக்கும் வெயில் வரும். கார் அந்த வெயிலில் நின்றிருந்தது. கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன், அடுப்படி மாதிரி இதமான சூடு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் பாத்திரத்தை வைத்து, துண்டு போர்த்தி, கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதி வைத்துக்கொண்டிருக்கலாம்.

நாத்தனார் போன் செய்தார். அப்புறம் மூன்று பேரும் ரிமோட்டுக்குச் சண்டை போட்டார்கள். அப்புறம் மதியச் சமையல். இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் டயருக்குக் காற்று அடிக்க வண்டியை எடுக்கப் போனார்.

"இங்க கொஞ்சம் வா" என்று அவர் கூப்பிட்ட தொனியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மூடி பாத்திரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொப்பி போல உட்கார்ந்திருந்தது. அதன் கீழே மாவு நுரைத்து நுரைத்து வழிந்து, மேட்டைத் தாண்டி, சீட் நகரும் தண்டவாளத்துக்குள் புகுந்து, முன்பக்கம் பிரேக் பெடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கள்ளுக்கடை வாடை. சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மாவு உயிரோட இருக்கு" என்றாள்.

இங்கேதான் நான் இரண்டாவது தடவை சுடுதண்ணீரை நம்பினேன். நான்கு நாளைக்கு முன்னால் எண்ணெயைச் சுடுதண்ணீர்தானே கழுவிக்கொண்டு போனது? ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணீரை எடுத்து வந்து தண்டவாளத்தின் மேல் ஊற்றினேன். அரிசி மாவில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று இருபது வருடமாகச் சமைக்கிற எனக்குத் தெரியாதா? காருக்குள்ளேயே களி கிண்டியாகிவிட்டது. இளகலாக இருந்தது கெட்டியாகி, சுவரொட்டி ஒட்டும் பசையாகி, தண்டவாளத்தின் பல்லிடுக்கெல்லாம் அப்பிக்கொண்டது. சீட் அதற்கப்புறம் நகரவில்லை.

மாவு கொட்டினால் தோசைத் திருப்பியால் வழித்தெடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால்தான் துடைக்க வேண்டும். கம்பளத்தில் கொட்டியிருந்தால் ரொம்ப நனைக்காமல் ஒற்றி எடுத்து, ஆப்பசோடா தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் போடலாம். ஒரு கிண்ணத்தில் காப்பித்தூளை வைத்தால் வாடை ஓரளவு அடங்கும். ஓரளவுதான். மாவு பொங்க வைக்கச் சத்தியமான வழிகள் வேறு இருக்கின்றன. ஆட்டும்போதே வெதுவெதுப்பான தண்ணீர் விடுவது, உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்த்து ஊறவைப்பது, கையால் நன்றாகக் கலப்பது, பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல் ஒரு அகலத் தட்டில் சுடுதண்ணீர் வைத்து அதன் மேல் வைத்துக் கம்பளி சுற்றுவது. அதாவது அத்தை சொன்னது.

பாத்திரத்தில் மிஞ்சிய மாவில் இட்லி ஊற்றினேன். பஞ்சு மாதிரி வந்தது, எலுமிச்சை மாதிரி புளித்தது. கட்டிக்கொண்டோம்.

விடியக்காலை ஐந்துக்குக் கிளம்புவதாகச் சொல்லி ஆறேகாலுக்குக் கிளம்பினோம். குளிருக்குக் கண்ணாடி எல்லாம் ஏற்றியாயிற்று. உள்ளே ஆறு பேர், புளித்த வாடை, பத்து இட்லிப் பொட்டலம். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறில் சோதனைச் சாவடி. இ-பாஸ் எங்கே என்றார்கள். நீலகிரிக்கு 2024 மே மாதத்தில் இருந்தே அது கட்டாயம், பத்திரிகையில் படித்தும் இருக்கிறேன், எடுக்கவில்லை. ஓரமாக நிறுத்தி போனிலேயே பதிந்தோம். காசு இல்லை, ஐந்து நிமிட வேலை, ஆனால் நாலு பேர் சேர்ந்து ஓடிபி தேடினால் இருபது நிமிடம். அப்புறம் தண்ணீர் பாட்டில். மலைக்கு மேலே பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்று ஆறு பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். பரணில் நாலு எவர்சில்வர் பாட்டில் சும்மா தூங்குகிறது.

குன்னூருக்கு ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு. ஆறாவதில் நாத்தனார் மகன் வாந்தி எடுத்தான். வளைவின் மேல் பழியைப் போட்டோம், ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும் எதனால் என்று. அவனை முன்சீட்டுக்கு மாற்றி, தூரத்தில் ரோட்டைப் பார்க்கச் சொல்லி, கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து, கண்ணாடியை இறக்கிவிட்டதும் தேறிவிட்டான். பர்லியார் தாண்டியதும் மூடுபனி. உள்ளே ஆறு பேர் மூச்சில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. நான் துப்பட்டாவால் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. ஏசியைப் போட்டு காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஒரே நிமிடத்தில் தெளிந்துவிடும், ஏனென்றால் ஏசி காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். குளிரில் யாராவது ஏசி போடுவார்களா என்று நான்தான் முதலில் தடுத்தேன். ஹெட்லைட்டையும் பனியில் தூக்கிப் போடாமல் தாழ்த்தியே வைக்க வேண்டும், தூக்கினால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

எங்கோ கீழே மலை ரயில் ஊதியது கேட்டது. பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

குன்னூரில் சிம்ஸ் பூங்கா, வறுக்கி, தேயிலைத்தூள். எல்லோரும் செய்வதுதான், சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு குரங்கு பையை இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்தது. வறுக்கியை எடுத்துக்கொண்டு இட்லியை விட்டுவிட்டது.

கோத்தகிரி வழியாக இறங்கினோம். இறக்கத்தில் பாதி தூரம் வந்தபோது ஏதோ தீய்ந்த வாடை. முதலில் மாவு என்றே நினைத்தேன். பிரேக். "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள், இவர் மூன்றாவதில் போட்டு மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு. கடையில் ஒரு குடம் தண்ணீர் கேட்டார், ஊற்றி ஆற்றலாம் என்று. கடைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்தீராதீங்க சார், டிஸ்க் கோணிக்கும். சும்மா விடுங்க, டீ குடிங்க, தானா ஆறும்." அரைமணி நேரம் உட்கார்ந்தோம். சூடான இடத்தில் பச்சைத் தண்ணீர், பச்சை மாவில் சூடான தண்ணீர் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

அந்த லீவில் செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. எதிர்வீட்டு அக்கா கிறிஸ்துமஸுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு நிறைய கேக்கும் கல்கலாவும் கொடுத்திருந்தார்கள். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. நாளைக்கு ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று தள்ளித் தள்ளி, அந்தத் தட்டு பொங்கல் வரை எங்கள் அலமாரியிலேயே இருந்தது. கடைசியில் சர்க்கரைப் பொங்கலோடு போய்ச் சேர்ந்தது. அக்கா வாங்கிக்கொண்டு, "இத நான் வேற யாருக்கோ குடுத்ததா நெனச்சு அவங்ககிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேனே" என்றார்கள்.

ஜனவரி கடைசியில் வண்டியை சர்வீசுக்கு விட்டோம். அதுவரைக்கும் டிரைவர் சீட் ஒரே இடத்தில்தான் நின்றது, நான் ஓட்டினால் நுனியில் உட்கார்ந்து ஓட்டுவேன். மெக்கானிக் பையன் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, ஸ்க்ரூ டிரைவரால் பத்து நிமிடம் நெம்பினான். ஒரு வெள்ளைத் துண்டு கல் போல உடைந்து வந்தது. அதைத் தரையில் தட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான்.

"ஏனுங்க்கா, வண்டில சிமென்ட் ஏத்துனீங்களா?"

"ஆமாங்க தம்பி, வீட்ல கொஞ்சம் பூச்சு வேல" என்றேன்.